வளைவுகள் நீக்கப்பட்ட சாலை

மேகவாகனம் கோச் நிறுவனம் பாதுகாப்பு விஷயத்தில் யாருக்கும் சளைத்ததில்லை. அதன் ஒவ்வொரு பேருந்தின் முதுகிலும், பின்னால் வரும் லாரிக்காரர்கள்கூடப் படித்துப் பயன்பெறும்படி, ‘உங்கள் உயிர் எங்கள் பிராண்டு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன் அந்த வாசகத்தை நம்பித்தான் தன் மனைவி கோமளத்துக்குக் கொடைக்கானலிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்தார்.

கோமளம் கொடைக்கானலுக்கு ஏரி பார்க்கப் போகவில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் மாளவிகாவுக்கு அம்மை போட்டிருந்தது. ராகவனுக்கு இந்த வயது வரை அம்மை வந்ததே இல்லை என்பதால் அவர் வரக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கோமளம் தனியாகவே போய்ப் பார்த்துக்கொண்டாள். மகள் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஊர் திரும்புகிறாள். “கவர்மெண்ட் பஸ்ஸுல வத்தலகுண்டு வந்து மாறிக்கறேனே” என்றுதான் சொன்னாள். ராகவன்தான் கேட்கவில்லை.

அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“ஏன்னா, பஸ்ஸுல ரப்பர் தீயற நாத்தம் வரது.”

“ஏசி நாத்தமா இருக்கும்.”

“ஏசி நாத்தம் எனக்குத் தெரியாதா? டிரைவரே சொல்றார், பிரேக் காய்ஞ்சு போயிடுத்தாம். ஓரங்கட்டி ஆற வைக்கணுமாம். மெட்ராஸ் ஆபீஸ்ல பர்மிஷன் தரமாட்டேங்கறாளாம்.”

“பஸ்ஸை நிறுத்தறதுக்கு எதுக்குடி மெட்ராஸ் பர்மிஷன்?”

ஓட்டுநருக்குப் பின்சீட்டில்தான் கோமளம் இருந்தாள். அவள் போனை முன்னால் நீட்டியிருக்க வேண்டும். ஓர் ஆணின் குரல் இரைச்சலுக்கு நடுவே கேட்டது.

“சார், டிரைவர் நல்லசிவம் பேசுறேன். நானா நிறுத்தினா வண்டிக்குள்ள சைரன் அடிக்கும் சார். ‘இந்த ஓட்டுநர் உங்கள் நேரத்தைத் திருடுகிறார்’னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை அடிச்சிருச்சு. இன்னொரு தடவை அடிச்சா சாவியைப் பிடுங்கிருவாங்க. தி.நகர்லதான் ஆபீஸு. யாராச்சும் நேர்ல போய்ச் சொல்லிப் பாருங்க சார்.”

“இப்போ எங்கே இருக்கேள்?”

“பெருமாள்மலை தாண்டிட்டோம் சார். இனிமே முழுக்க இறக்கம்.”

இணைப்பு அறுந்தது. ராகவன் முதலில் படித்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தார். தேன் தடவிய இயந்திரக் குரல் அவருடைய பிரச்சினையை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னது.

“பிரேக்” என்றார் ராகவன்.

“நீங்கள் சிற்றுண்டி பிரேக் குறித்துக் கேட்கிறீர்கள். தங்கள் பேருந்து திண்டுக்கல்லுக்கு அருகே தரமான சைவ உணவகத்தில் நிற்கும். உங்கள் பசியை நாங்கள் மதிக்கிறோம்.”

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டதும் மீட்டர், பேரம் எதுவும் பேசவில்லை. “குந்து சார்” என்றார். மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி ஆட்டோ போனது. “மலை மேல நிக்காம போவுது ஒரு வண்டி, இங்க நவராம நிக்குது ஒரு ஊரு. இன்னா கதை சார் இது” என்று சொல்லிக்கொண்டே பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் இறக்கிவிட்டார்.

வரவேற்பறையில் இருந்த பெண் எழுந்து கைகூப்பினாள். ராகவன் மூச்சு வாங்கியபடி சொன்னதை எல்லாம் புன்னகை மாறாமல் கேட்டாள். பிறகு மஞ்சள் நிறத் தலைக்கவசம் ஒன்றையும், இருட்டில் மின்னும் பச்சை மேலங்கி ஒன்றையும் நீட்டினாள்.

“பாதுகாப்பு வளாகம் சார். இதைப் போட்டாதான் உள்ள விடுவோம்.”

“உள்ளே என்ன, கட்டட வேலை நடக்கறதா?”

“இல்ல சார். மீட்டிங் நடக்குது.”

மாட்டிக்கொண்டார். அடுத்து ஒரு படம் பார்க்க வைத்தார்கள். சூடான காபியை எப்படிப் பிடிப்பது, சுழல் நாற்காலியில் எப்படி உட்காருவது, கண்ணாடிக் கதவு இருப்பதை எப்படி அறிவது என்று ஒரு சின்னப் பையன் பொம்மை ஆடிப்பாடி விளக்கியது. நடுவில் எழுந்தால் படம் முதலிலிருந்து ஓடும் என்றாள். அவர் ஒருமுறை எழுந்தார். அது முதலிலிருந்து ஓடியது. முடிந்ததும் உறுதிமொழி. வலது கையை நீட்டிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார்.

“படிக்கட்டில் ஓடமாட்டேன். வதந்தி பரப்பமாட்டேன். பிறர் பதறும்படி நான் பதறமாட்டேன்.”

பதறாமல் லிஃப்டுக்கு ஓடினார்.

கட்டுப்பாட்டு அறையில் சுவரை அடைத்து ஒரு திரை. அதன் நடுவே, அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டுவரை ஒரு நீலக்கோடு. கோட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. கோமளம் அந்தப் புள்ளிக்குள் இருந்தாள்.

திரைக்கு முன்னால் தலையில் ஒலிவாங்கி மாட்டிய இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்து அட்டையில் ‘கயல், பயணத் தோழி’ என்று இருந்தது. அவள் பின்னால் நின்ற கிரீஷ் என்பவர் நிறுவனத்தின் முதன்மைப் பாதுகாப்பு அதிகாரி. வயது முப்பதைத் தொட்டிருக்காது. அவரும் தலைக்கவசம் அணிந்திருந்தார். ஆனால் அவருடையது வெள்ளை.

“என் ஆம்படையா அந்த பஸ்ஸுல இருக்கா. பிரேக் பிடிக்கலைன்னு டிரைவர் சொல்றார். தயவுபண்ணி நிறுத்தச் சொல்லுங்கோ” என்றார் ராகவன்.

“உட்காருங்க சார். உங்க உணர்வை மதிக்கிறோம்” என்றார் கிரீஷ். “ஆனா நீங்களே பாருங்க. ரோடு எவ்வளவு நேரா இருக்கு. இதுல பிரேக்குக்கு அவசியமே இல்லை.”

ராகவன் திரையைப் பார்த்தார். “மலை ரோடு எப்படி நேரா இருக்கும்? வளைவெல்லாம் எங்கே?”

“எடுத்துட்டோம் சார்.”

“எடுத்துட்டேளா?”

“முன்னாடி இருந்துச்சு. ஆப்ல அந்த வளைவையெல்லாம் பார்த்து விருந்தினர்கள் பயந்தாங்க. ரேட்டிங் இறங்குச்சு. ஒரே மாசத்துல எல்லா ஹேர்பின் பெண்டையும் நீக்கிட்டோம். அதுக்கப்புறம் பயம்னு ஒரு புகார் வரலை. இதுக்காக மும்பையில எங்களுக்கு விருது குடுத்தாங்க.”

“மலையில வளைவு அப்படியேதானே இருக்கு?”

“மலை நம்ம கன்ட்ரோல்ல இல்லையே சார்” என்றார் கிரீஷ் நியாயமாக.

புள்ளி மெதுவாகப் போனது. நேரான சாலையில் இவ்வளவு மெதுவாகப் போவது கிரீஷுக்கு உறுத்தியது. கயலைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எதிரில் ஒளிர்ந்த வாசகத்தைப் படித்தாள்.

“கேப்டன் நல்லசிவம், தாங்கள் தாமதமாகச் செல்கிறீர்கள். மூன்றாவது கியருக்கு மாறி விருந்தினர்களை மகிழ்விக்கவும்.”

ஒலிபெருக்கியில் நல்லசிவத்தின் குரல் வந்தது. “தாயி, மூணு போட்டா வண்டி கையை விட்டுப் போயிரும். பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்குது. ரெண்டாவது கியர்ல இஞ்சின்தாம்மா வண்டியைப் பிடிச்சுக்கிட்டிருக்கு.”

கயல் திரும்பினாள். “சார், இஞ்சின்தான் பிடிச்சிக்கினு கீதாம்.”

“பிடித்துக்கொண்டிருக்கிறது. மொழிநடை முக்கியம் கயல்.”

“சரி சார். பிடித்துக்கொண்டிருக்கிறது. அது விட்டா இன்னா சார் ஆவும்?”

அவளுக்கான வாசகங்களில் அந்தக் கேள்வி இல்லை. எனவே கிரீஷ் அதற்குப் பதில் சொல்லவில்லை. ராகவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரப்பர் தீயற நாத்தம் வண்டி பூரா அடிக்கறதாம் சார்.”

“நாத்தம் ஹவுஸ்கீப்பிங் சார். பிரேக் மெயின்டனன்ஸ். பயம் வாடிக்கையாளர் உறவு. எதையும் நாங்க ஒண்ணோட ஒண்ணு குழப்பறதில்லை.”

“அப்போ நீங்க யாரு?”

“நான் பாதுகாப்பு.”

“பாதுகாப்புன்னா என்ன பண்ணுவேள்?”

“இதெல்லாம் சரியாப் பிரிஞ்சிருக்கான்னு பார்த்துக்குவேன்.”

ஆனாலும் கிரீஷ் இரக்கமற்றவர் அல்லர். ஹவுஸ்கீப்பிங்கில் ஆள் இல்லாததால் தன் அதிகாரத்தையும் மீறி அவரே ஒரு பொத்தானை அழுத்தினார். தி.நகரில் அழுத்திய பொத்தானுக்கு மலைமேல் ஓடும் பேருந்தின் கூரையிலிருந்து மல்லிகை வாசனை பீய்ச்சப்பட்டது. மற்றத் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்த நால்வர் கைதட்டினார்கள்.

ராகவனின் போன் அடித்தது.

“ஏன்னா, இப்போ மல்லிகைப்பூவும் தீயற நாத்தமும் சேர்ந்து வரது. பொணம் போற தெரு மாதிரி இருக்கு.” கோமளத்தின் குரல் தாழ்ந்திருந்தது. “எல்லாரும் சாமி பேரைச் சொல்ல ஆரம்பிச்சுட்டா. டிரைவருக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டறது. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா அடியே தெரியலைன்னா. நீங்க அங்கே என்ன பண்ணிண்டிருக்கேள்?”

தலைக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. “பேசிண்டிருக்கேன்” என்றார்.

அப்போதுதான் அறை முழுவதும் சிவப்பு விளக்குகள் சுழன்றன. மணி அலறியது. கைதட்டிய நால்வரும் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார்கள். ராகவன் கோமளத்தின் புள்ளியைத் தேடினார். அது நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

“ஏற்காடு வண்டி! பத்தாம் நம்பர் சீட்! வாந்தி!” என்று ஒருவன் கத்தினான்.

“நிறுத்து!” கிரீஷ் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். அதுவரை அவர் குரலில் இல்லாத உயிர் இப்போது இருந்தது. “கேப்டன், எங்கே இருந்தாலும் அங்கேயே நிறுத்து! வளைவா இருந்தாலும் பரவாயில்லை! எல்லாரையும் இறக்கு!”

பக்கத்துத் திரையில் ஏற்காடு பேருந்தின் உட்புறம் தெரிந்தது. நிறுவனத்தின் பேருந்துகளில் சாலையைப் பார்க்கும் கேமரா கிடையாது. சீட்டைப் பார்க்கும் கேமரா உண்டு. ஏற்காடு பேருந்து உடனே நின்றது. சைரன் எதுவும் அடிக்கவில்லை. கிரீஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தாலி லெதர் சார். உடனே துடைக்கலைன்னா கறை உள்ள இறங்கிடும். வாந்திக்கு மட்டும் எந்த அனுமதியும் கேட்க மாட்டோம். விருந்தினர் ஒருத்தர் போனா இன்னொருத்தர் வருவார். சீட் போனா அதே சீட் வருமா, சொல்லுங்க?”

ராகவன் அறையின் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மனைவியை அழைத்தார். முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. அடுத்த தடவை கோமளம் எடுத்தாள்.

“கோமளம், வாந்தி எடு.”

“என்னது?”

“வாந்தி எடுத்தா நிறுத்துவா. வேற எதுக்கும் நிறுத்த மாட்டா. நான் கண்ணால பார்த்தேன்.”

“எனக்கு வாந்தி வரலையே.”

“விரலை விட்டுப் பாரேன்.”

“இத்தனை பேர் நடுவுலயா? மானம் போயிடும்னா.”

“போகட்டும்டி.” அவர் குரல் உடைந்துவிட்டது. “மானம் போகட்டும். நீ ஆத்துக்கு வந்து சேரு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி ஒரு குரலில் பேசி அவள் கேட்டதில்லை.

“தயிர் சாதம் இருக்கு” என்றாள் கோமளம் யோசனையாக. இணைப்பு போய்விட்டது.

ராகவன் திரைக்கு வந்து நின்றார். கேமராவில் கோமளம் தெரிந்தாள். மடியில் டப்பாவை வைத்துத் திறந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காலி இருக்கையின் மீது டப்பாவைக் கவிழ்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அதன் மேல் குனிந்தாள். நல்ல குடும்பத்துப் பெண்மணி ஒருத்தி முதன்முதலாகப் பொய்யாகச் செய்கிற காரியம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மணி அலறியது.

“கொடைக்கானல் வண்டி! நாலாம் நம்பர்!”

கிரீஷ் திரைக்கு மூக்கைக் கொண்டுபோனார். புள்ளி நகர்ந்தது.

“என்னது இது? தயிர் சாதம் மாதிரி இருக்கே” என்றார் கிரீஷ்.

கயல் எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். பிறகு மூலையிலிருந்து வந்த கிழவரின் முகத்தைப் பார்த்தாள்.

“வாந்திதான் சார்” என்றாள். “எங்க வூட்டாண்ட எத்தினி பேர் எடுத்துப் பாத்துக்கீறேன். ஊறுகா கலரு சார் அது. லெதருக்கு ஊறுகா ரொம்பக் கெட்டது.”

“நிறுத்து!” என்று அலறினார் கிரீஷ்.

“அண்ணே, நிறுத்துண்ணே! எப்டினா நிறுத்துண்ணே!” என்றாள் கயல். அது அவளுக்கு எழுதிக்கொடுத்த வாசகம் அல்ல.

ஆனால் புள்ளி நிற்கவில்லை. முன்பைவிட வேகமாக ஓடியது. கேமராவில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தார்கள். கோமளம் முன்னாலிருந்த கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். ஒலிபெருக்கியில் நல்லசிவம், “குனிஞ்சுக்கிடுங்க! எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிடுங்க!” என்று கத்தினார். அதன்பின் இரும்பைக் கல்லில் வைத்து இழுக்கிற சத்தம். கண்ணாடி உடைகிற சத்தம். கேமரா படம் போய்விட்டது. புள்ளி சாம்பல் நிறமாகியது.

“சாம்பல்னா என்ன?” என்றார் ராகவன்.

யாருக்கும் தெரியவில்லை. அந்த நிறம் இதற்கு முன் வந்ததில்லை.

கோமளத்தின் போன் அடிக்கவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும். கயல் தன் சொந்த போனிலிருந்து நல்லசிவத்துக்கு முயன்றாள். கிரீஷ்கூட உட்கார்ந்துவிட்டார். கீழே பாண்டி பஜாரில் யாரோ தள்ளுபடி விலையில் நைட்டி விற்கிற குரல் கண்ணாடியைத் தாண்டி மெல்லக் கேட்டது. ராகவன் தலைக்கவசத்தைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் கொக்கியைக் கண்டுபிடிக்கவில்லை.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“நின்னுடுத்துன்னா.”

அவர் சுவரோடு சாய்ந்தார்.

“மலைப் பக்கமா கொண்டுபோய் உரசி உரசி நிறுத்தினார். ஒரு பக்கம் பூரா பிச்சுண்டு போயிடுத்து. யாருக்கும் பெரிசா ஒண்ணும் இல்லை, சிராய்ப்புதான். முன் சக்கரத்துலேர்ந்து குபுகுபுன்னு பொகை வரது. என் போன் எங்கேயோ விழுந்துடுத்து, கொய்யாப்பழம் விக்கறவா போன்லேர்ந்து பேசறேன். அடுத்த வளைவுல தடுப்புச் சுவரே இல்லைன்னா. இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.”

ராகவன் அழுதுவிட்டார். கயலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிரீஷ் அவர் அருகில் வந்து, மரியாதையாகச் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, காதருகே குனிந்து கேட்டார்.

“சீட் எப்படி இருக்குன்னு கேளுங்க சார்.”

கோமளம் கவர்மெண்ட் பஸ்ஸில் வத்தலகுண்டு வந்து, மாறி, மறுநாள் காலை வீடு சேர்ந்தாள். விஷயம் அதோடு முடியவில்லை. நிறுவனம் விசாரணைக் குழு அமைத்தது. பிரேக் பற்றி விசாரிக்க அல்ல, அது மெயின்டனன்ஸ். வாந்தி உண்மையானதுதானா என்று விசாரிக்க. பொய் வாந்தி என்றால் பேருந்து காரணமில்லாமல் நின்றதாகிறது. காரணமில்லாமல் நின்றால் அது நல்லசிவத்தின் மூன்றாவது குற்றம். கயல்தான் போன் செய்து சொன்னாள். “நீங்க வந்து சொல்லாங்காட்டி அவரைத் தூக்கிடுவாங்கோ மாமி” என்றாள்.

கோமளம் ராகவனோடு தி.நகர் போனாள். கொலுவுக்கு வந்தவர்களிடம் சுண்டலில் உப்புக் குறைவு என்பதைக்கூட மறைக்கத் தெரியாதவள். இருவருக்கும் தலைக்கவசம் மாட்டினார்கள். காபியைப் பிடிக்கும் படத்தைக் காட்டினார்கள்.

கூட்ட அறையின் மேஜை மீது நாலாம் நம்பர் இருக்கையைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் சிவப்பு நாடா. எதிரே நல்லசிவம் நெற்றியில் பிளாஸ்திரியுடன் நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை.

“மேடம், நம்ம நிறுவனத்தோட வரலாற்றுல ஒரு பயணிகூட உயிரிழக்கலை” என்று ஆரம்பித்தார் கிரீஷ். “அன்னிக்கும் நம்ம சிஸ்டம்தான் எல்லாரையும் காப்பாத்துச்சு. இதுல பெருமைப்படறோம். ஆனா சிஸ்டத்தை யாரும் ஏமாத்திப் பிழைச்சிருக்கக் கூடாது இல்லையா? அப்படிப் பிழைச்சா அதைப் பாதுகாப்புன்னே சொல்ல முடியாது. இருக்கையில முழுக் கடுகு கிடைச்சிருக்கு. வயித்துக்குள்ள போன கடுகு இவ்வளவு பளபளப்பா இருக்குமான்னு குழு சந்தேகப்படுது.”

கோமளம் நல்லசிவத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தாளிக்கிற கடுகு அப்படித்தான் இருக்கும்” என்றாள்.

“அப்போ அது வாந்திதானா மேடம்?”

“வாந்திதான். அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு மறுபடியும் குமட்டறது.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேஜையைப் பிடித்து, இருக்கையின் மேல் குனிந்தாள்.

“வேண்டாம் மேடம்!” கிரீஷ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இருக்கைக்கும் அவளுக்கும் நடுவே பாய்ந்தார். “குழு ஏத்துக்குச்சு! உண்மையான வாந்தி! கேப்டன் மேல தப்பில்லை! யாராவது மேடத்தை வெளியே கூட்டிட்டுப் போங்க!”

மூவரும் பனகல் பார்க் எதிரே வந்து நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நல்லசிவம் ராகவனுக்குக் கும்பிடு போட்டார். கோமளத்தின் காலில் விழப் போனார்; அவள் பின்வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்கே வண்டி குடுத்திருக்காங்கம்மா” என்றார். “அதே ரூட்டு.”

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்கப்படாது” என்றாள் கோமளம். “பிரேக் போயிடுத்துன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?”

“பெருமாள்மலையிலயே தெரியும்மா.”

“அங்கே சமதரையா இருந்துதே. கடையெல்லாம் இருந்துது. அங்கேயே நிறுத்தியிருக்கலாமே. வேலை போனா போறதுன்னு.”

நல்லசிவம் அதைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முறையாக யோசிப்பவர்போல் நின்றார்.

“வேலைக்காக மட்டும் இல்லம்மா” என்றார் கடைசியில். “எதுவா இருந்தாலும் கேட்டுக் கேட்டே செஞ்சு பழகிட்டேன். கேக்காம நிறுத்தலாம்ங்கறதே எனக்குத் தோணலை.”

அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். கோமளம் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அதை விடவில்லை.